சோற்றுநிறம்

காலை உணவின் பொருட்டுக் கடல்மேல் மிதக்கும் காரைத்திட்டு மிதவூரின் குடும்பங்கள் யாவும் வழக்கம்போல் மொட்டைமாடிகளில் குப்புறப் படுத்திருந்தன. சூரியன் கடலை விட்டு ஒரு முழம் மேலெழுந்ததும் உண்ணத் தொடங்குவது அங்கு முறை. முதலில் முதுகு, முதுகு நிறைந்த பின்னர்ப் புரண்டு மார்பும் வயிறும். உண்பவர்மீது தன் நிழல் விழும்படி ஒருவர் நடந்து சென்றால், அது பந்தியில் பிறர் இலையைத் தாண்டிச் சென்றதற்கு ஒப்பான மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. ஆகவே இன்னாசி தம் பாயை அடைவதற்கு மேற்குக் கைப்பிடியை ஒட்டியே நடந்தார். படுத்துக்கொண்டு, பக்கத்து இடத்தை ஒரு முறை பார்த்தார். அந்த இடம் காலியாக இருந்தது. அது அவருடைய ஒரே மகள் செரபினா வெயில் உண்ணும் இடம்.

வெயிலூண் என்னும் இம்முறையைப் பற்றிச் சிறிது விளக்குவது இவ்விடத்தில் பொருத்தமாகும். மூன்று தலைமுறைகளுக்கு முன்னர்க் கடல் ஏறி வயல்களை உப்பாக்கியது. அப்பெரும்பஞ்சத்தில் மனிதன் பவளத்திடம் பாடம் கேட்டான். பவளம் கல்லன்று, கல்லால் வீடு கட்டிக்கொண்டு வாழும் சிற்றுயிர்களின் கூட்டம். அவ்வுயிர்களின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பவளம் பாசிக்கு இடம் தரும். பாசி வெயிலைச் சர்க்கரையாக்கிப் பவளத்துக்கு ஊட்டும். இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும் அந்தப் பாசியின் ஒரு வகையை அறிவியலார் மனிதத் தோலில் குடியேற்றி, அதற்கு உடனுறைப் பாசி என்று பெயரிட்டனர். வெளிச்சம் தடையின்றிப் புக வேண்டித் தோலின் பிறவிக் கருமை நீக்கப்பட்டது; அவ்விடத்தைப் பாசியின் பழுப்பு நிரப்பியது. கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டியிலேயே பாசியும் கலந்திருக்கும். வாய்வழியே உண்பது, உப்புக்காகவும் உடற்கட்டுக்காகவும் ஒரு கைப்பிடி மீனும் கஞ்சியும் மட்டுமே. அதனால் வெயிலுண்ணிகளின் இரைப்பை காலப்போக்கில் எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

பின்னாளில், கடற்சுவருக்கு அப்பாலிருந்த மேட்டுநகரத்தார் அடுக்குக் கோபுரங்களில் நெல் விளைவிக்கக் கற்றனர். சோறு திரும்பியதும் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாசி கொடுப்பதை நிறுத்தினர். அப்பிள்ளைகள் வெந்த அரிசியின் வெண்மையோடு வளர்ந்தனர். அன்று முதல் வெண்மைக்குச் சோற்றுநிறம் என்ற பெயர் ஏற்பட்டது. கறுத்த உடல் நிறைந்த உடல் என்பது மிதவூரின் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனினும் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அறிவு இருப்பதில்லை; ஆசைதான் இருக்கும்.

செரபினா வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம். நோய் என்று ஒரு நாள் படுத்தவள் அல்லள். மழைக்கால மூடாப்பில் மற்றவர்கள் சோர்ந்து கிடக்கையில் அவள் மட்டும் மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள். அத்தகைய பெண்ணைப் பல வீட்டார் வந்து பார்த்தனர், பலகாரம் கொறித்தனர், சொல்லி அனுப்புவதாகக் கூறிச் சென்றனர், சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும் செரபினா தட்டுகளைத் தானே கழுவி அடுக்கினாள். அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையை இன்னாசி அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

மிதவூர்ப் பள்ளிகளில் பண்டைக் கால மூடநம்பிக்கைகள் என்றொரு பாடம் உண்டு. முற்காலத்தவர், நிறத்துக்கும் உணவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாத அக்காலத்தில், வெளுப்பதற்காக முகத்தில் களிம்பு பூசினர் என்று அதில் எழுதியிருக்கும். அப்பக்கத்தைப் படிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆசிரியர்களும் சிரிப்பார்கள். பாடம் முடிந்து வீடு திரும்பும் பெண்பிள்ளைகளிடம் தாய்மார், போதும், வெயிலில் நிற்காதே என்று சொல்வார்கள்.

நிழலிருப்பு என்பது திருமணத்துக்கு முன் பெண்ணை ஒரு மாதம் நிழலில் வைத்திருக்கும் சடங்கு. மாடியில் ஓலைக் குடில் கட்டி அதனுள் அவளை இருத்துவர். கஞ்சியின் அளவைச் சற்றுக் கூட்டுவர். முகங்காட்டல் என்னும் நாள் வரும்வரை தகப்பன் அவளைப் பார்க்கலாகாது. வெயில் படாவிட்டால் வெளுப்பாள் என்பது நம்பிக்கை. உண்மை அதற்கு நேர்மாறானது. வெளிச்சம் குறைந்தால், கிடைக்கும் சிறிதளவு வெளிச்சத்தையும் விடாமல் பிடிப்பதற்காகப் பாசி தன் நிறத்தைப் பெருக்கிக்கொள்ளும். பவளமும் நிழலில் கறுக்கவே செய்யும். ஆகவே, அந்த ஊரில் நிழலிருந்து வெளிவந்த ஒவ்வொரு மணமகளும் உள்ளே சென்றதைவிடக் கறுத்தே வந்தாள். உடனே மாவு பூசி மறைத்து, நன்றாக வெளுத்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டனர். சடங்கை மட்டும் யாரும் கைவிடவில்லை.

இன்னாசி இதனை நன்கு அறிந்தவர். அவர் பாரின் காவலர். கடலடிப் பவளத் திட்டைப் பார் என்பது அக்கரையோரத்து வழக்கு. கோடையில் பாருக்கு மேல் நிழல்வலை விரிப்பதும், வெப்பந்தாங்கி என்னும் கருநிறப் பாசியைத் தொட்டியில் வளர்த்து நலிந்த பவளங்களில் குடியேற்றுவதும் அவருடைய தொழில். நிழலிருப்பால் பயனில்லை என்று அவர் மனைவி ரெஜினாளிடம் சொன்னார். மேட்டுநகரத்திலிருந்து ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கும் வேளையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்படி ரெஜினாள் அவரைக் கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை கிளாட்வின் நெற்கோபுரத்தில் வேலை பார்ப்பவன், அமைதியானவன். அவனுடைய தாய் அருள்சீலி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். நிழலிருப்பு முடியட்டும், முகங்காட்டலன்று பார்த்துக்கொள்வோம் என்பதே அது.

பயனற்ற காரியம்தான் என்றாலும், மகளுக்குச் செய்யும் காரியம். மற்றவர்களைப் போல் சந்துவிட்ட ஓலைக் குடிலை அவர் கட்டவில்லை. பால்நிறத் தகடுகளை வாங்கி, மூலைக்கு மூலை பசை இழைத்து, காற்றும் நுழையாதபடி ஓர் அறையை எழுப்பினார். உள்ளே மங்கலான ஒளி மட்டும் நிலவியது. மாடியில் ஒழிந்திருந்த இடம் மேற்கு மூலை ஆகையால் பிற்பகல் வெயில் முழுவதும் அத்தகடுகளின்மேல் விழுந்தது. பாருக்கு விரிக்கும் வலையில் நீரோட்டம் புகக் கண்கண்ணாக இடம் விடுபவர், மகளின் அறைக்கு அதனை விடவில்லை. பார்த்தவர்கள் அனைவரும் வேலைப்பாட்டைப் பாராட்டினர். செரபினா அதனுள் சென்றாள்; மாடியில் அவள் வெயில் உண்ணும் இடம் காலியாயிற்று.

அந்தக் கோடை கொடிய கோடையாக அமைந்தது. கடல் நீர் வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் இரண்டு பாகை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அளவு மீறிய சூட்டில் பாசியின் சமையல் கெடும். வாங்கிய வெளிச்சம் சர்க்கரையாகாமல் நஞ்சாகும். தன்னை ஊட்டி வளர்த்ததே தன்னைச் சுடத் தொடங்கியதும், பவளம் வேறு வழியின்றி அதனை வெளியே தள்ளும். சதை கண்ணாடியாகி, உள்ளிருக்கும் வெள்ளைக் கல் தெரியும். இதுவே வெளிறல். வெளிறிய பவளம் செத்த பவளமன்று. பட்டினி கிடக்கும் பவளம். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். சில வகைகள் அந்நிலையில், வெயிலைத் தடுத்துக்கொள்ளும் பொருட்டு, ஊதாவும் நீலமுமாய் ஒளிரும் நிறங்களைத் தம் உடலில் ஊறச் செய்யும். கடலுக்குள் விளக்கேற்றி வைத்தாற்போல் இருக்கும் அக்காட்சியைக் காண மேட்டுநகரத்திலிருந்து கண்ணாடி அடித்தளப் படகுகள் வரிசையாக வந்தன. நிழல்வலை காட்சியை மறைக்கிறது, சற்று நேரம் சுருட்டி வையுங்கள் என்று ஒருவர் மேலிருந்து கேட்டார். இன்னாசி நீரிலிருந்து தலையைத் தூக்கினார்.

“சாவப்போற வீட்டுல வெளக்கு எரியுதத வேடிக்க பாக்க வந்திருக்கிய. வந்ததுக்கு ஒரு செபமாவது சொல்லிட்டுப் போங்க” என்றார்.

படகில் இருந்தவர்கள் அதனை வேடிக்கைப் பேச்சாகக் கருதிச் சிரித்தனர்.

அன்று பாரில் அவர் வேறொன்றையும் கண்டார். இரவில் மட்டும் விரியும் பவளங்களின் நுண்கைகள் பட்டப்பகலில் விரிந்து, நீரில் எதையோ துழாவிக்கொண்டிருந்தன. உள்ளிருந்து ஊட்டுபவர் போன பிறகு, வெளியே கிடைப்பதையாவது அள்ளித் தின்ன முயலும் உயிரின் தவிப்பு அது. அவர் நெடுநேரம் அவற்றின் அருகே மிதந்துகொண்டிருந்துவிட்டு வீடு திரும்பினார்.

மாடியேறித் தகட்டறையின் கதவருகே அமர்ந்து, நாள்தோறும் செய்வதுபோல் மகளோடு பேச்சுக் கொடுத்தார். பாரைப் பற்றியும் படகுக்காரர்களைப் பற்றியும் கூறினார். உள்ளே வழக்கமான சிரிப்பு எழவில்லை.

“யப்பா” என்றாள் செரபினா. “பசிக்கி.”

வெயிலுண்ணிகள் பசியை அறியாதவர்கள். மூடாப்பு நாட்களில் ஒரு மந்தம் உண்டாகும். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. பசி என்பது அவர்களைப் பொறுத்தவரை பஞ்சக் கதைகளில் வரும் ஒரு சொல். ஆகவே இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது.

“பசின்னா எப்படி இருக்கும்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. வயித்துக்குள்ள யாரோ உக்காந்து கிள்ளிக்கிட்டே இருக்காவ.”

“சோத்துவீட்டுக்குப் போற பொண்ணுல்லா. அங்க வேண்டிய வயிறு இங்கயே வந்துட்டு. பழகிக்கிடு தாயி” என்றார் இன்னாசி. பிறகு கீழே சென்று, சோறு பொங்கும்படி ரெஜினாளிடம் கூறினார். செரபினா கிண்ணத்தை வழித்துத் தின்றாள்; இன்னும் கேட்டாள். மகள் இப்போதே மேட்டுநகரத்துக்காரி ஆகிவிட்டாள் என்று ரெஜினாள் பக்கத்து வீட்டு விக்டோரியாவிடம் பூரித்துச் சொன்னாள்.

முகங்காட்டல் நாள் வந்தது. அருள்சீலியும் உறவினரும் பந்தலில் அமர்ந்திருந்தனர். மாவுக் கிண்ணத்தோடு தயாராக நின்ற பெண்கள், கதவு திறந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தனர். மாவுக்குத் தேவை ஏற்படவில்லை. செரபினா வடித்த சோற்றின் நிறத்தில் வெளியே வந்தாள். கழுத்தோரத்திலும் காதுமடல்களிலும் மெல்லிய ஊதா ஒளி ஓடியது. மணிக்கட்டின் நீல நரம்புகள் தாளில் வரைந்தவை போல் தெரிந்தன. அருள்சீலி எழுந்து வந்து அவளுடைய கையைப் பற்றிக்கொண்டாள், விடவே இல்லை. எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண் மாதிரி இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற இன்னாசி மகளைப் பார்த்தார். தாம் பார்ப்பது என்ன என்பதை அறிய அவருக்கு ஒரு கணமும் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் நீருக்கடியில் பார்த்து வந்ததை, முதன்முதலாகக் கரையில் பார்த்தார். ஒளிரும் அந்த ஊதாவையும் அவர் அறிவார். பாசியைத் தோலுக்குக் கொண்டுவந்த அறிவியலார், பவளத்தின் இந்தக் குணத்தையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தனர்.

நாள் குறித்து, விருந்தினர் படகேறியதும், அவர் மகளைத் தனியே அழைத்தார்.

“யப்பா, ஒங்களுக்குப் புடிக்கலையா?”

“இது நெறம் இல்லம்மா. ஒன் ஒடம்பு பாசியத் தூக்கி வெளிய போட்டிருக்கு.”

“தெரியும்” என்றாள் செரபினா. “பார்க்காரர் மவதானே நான். தொட்டித் தண்ணி பழுப்பா ஓடும்போதே தெரியும்.”

இன்னாசி அவளுடைய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். எப்போதிருந்து என்று கேட்டார். நான்கைந்து நாட்களாகத்தான் என்றாள். உடனே கருநிற வெப்பந்தாங்கியைக் கரைத்துத் தொட்டியில் அவளை இறக்க வேண்டும், இன்றே இறக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அது நல்ல காப்பு. ஆனால் தாரின் கருமை. தோலில் ஊன்றிவிட்டால், செரபினா முன்பு இருந்ததைக் காட்டிலும் கறுத்துப்போவாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தன வருசத்துல என்னய யாரும் ரெண்டாந்தடவ திரும்பிப் பாத்தது கெடயாது, யப்பா. தட்டு வாங்கும்போதுகூட தட்டத்தான் பாப்பாவ. இன்னைக்கு அந்த அம்மா எங் கையப் புடிச்சத நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்.”

“ஒரு வாரம். கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வாரேன்லா, அன்னைக்கு எறக்குங்க. கரிக்கட்ட ஆனாலும் ஆவுதேன். தாலி கழுத்துல கெடந்தா அவ்வொ ஒண்ணும் சொல்ல மாட்டாவ.” கன்னத்தைத் தடவிக்கொண்டே, “ஒரே ஒரு வாரம் நான் இப்படி இருந்துக்கிடுதேன்” என்றாள்.

இன்னாசி தமக்குள் கணக்கிட்டார். நான்கைந்து நாட்கள் சென்றிருக்கின்றன; இன்னும் ஒரு வாரம். பவளமே அதற்கு மேலும் தாங்கும். இவளோ மனிதப் பிறவி. போகும் இடம் சோற்றுவீடு. இவ்வாறு கணக்கிட்டு, தலையை அசைத்தார். பாரில் ஒரு துண்டுப் பவளத்துக்குக்கூட அவர் அவ்வாறு நாள் கொடுத்ததில்லை. அங்கெல்லாம் அவர் சூடு ஏறத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவார்; வெளிறியது கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணுவது கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு என்று உதவியாளர்களைக் கண்டிப்பார். மகளுக்கு மட்டும் அவள் சொன்ன நாளிலிருந்து எண்ணினார். அவள் பொய் சொல்லக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை; பவளங்கள் பொய் சொல்வதில்லை.

திருமணம் மேட்டுநகரத்துக் கோயிலில் நடந்தது. வீதியில் சென்றவர்கள் நின்று பார்த்தனர். படம் பிடித்தனர். செரபினா யாரும் கேட்காமலே எல்லாப் பக்கமும் திரும்பி நின்றாள். அவளுடைய முகத்தில் அத்தகைய மகிழ்ச்சியை இன்னாசி அதற்கு முன் கண்டதில்லை. அதனைக் காணக் காண அவருக்கு அச்சம் பெருகிற்று. வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் கழுவி, நீரைக் குளிர்வித்து, தம்மிடமிருந்த வெப்பந்தாங்கியில் செழித்ததைத் தேர்ந்து கரைத்து வைத்தார். பாருக்குச் செல்லவில்லை.

மறுவீட்டுக்கு மணமக்கள் நண்பகலில் வந்தனர். படகிலிருந்து இறங்கும்போதே செரபினாவால் நிற்க முடியவில்லை. கிளாட்வின் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அவளுடைய கன்னங்கள் உள்வாங்கியிருந்தன. ஊதா ஒளி அணைந்து, சுண்ணாம்பின் வெண்மை மட்டும் எஞ்சியிருந்தது. ரெஜினாள் விருந்துக்கு இலை போட்டிருந்தாள். இன்னாசி இலையைத் தாண்டிச் சென்று, மகளை இரு கைகளாலும் தூக்கித் தொட்டியில் இறக்கினார்.

“நல்லாத்தான் சாப்பிட்டா மாமா” என்றான் கிளாட்வின். “ஒவ்வொரு வேளையும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. எங்கம்மாகூட சந்தோசப்பட்டாவ.”

எலுமிச்சங்காய் அளவுள்ள ஓர் இரைப்பை எத்தனை முறை நிறைந்தாலும் ஓர் உடலைத் தாங்காது. சோற்றுப் பானைகளின் நடுவே அவள் பட்டினி கிடந்திருந்தாள்.

இன்னாசி கலங்கல் நீரைக் கையால் மொண்டு மகளின் தோள்களிலும் கழுத்திலும் தேய்த்தார். பாசி குடியேற வேண்டுமானால், வரவேற்கும் அளவுக்கேனும் உடலில் உயிர்ச்சத்து இருத்தல் வேண்டும். பட்டினி எல்லை கடந்துவிட்டால் தோல் பாசியை ஏற்காது. நீர் கறுத்தே இருக்கும், உடல் வெளுத்தே இருக்கும். நலிந்த பவளங்களில் அவர் அதனைப் பலமுறை கண்டிருக்கிறார். அப்போதெல்லாம் சிறிது நேரம் பார்த்துவிட்டு அடுத்த பவளத்துக்குச் சென்றுவிடுவார். இன்று செல்வதற்கு அடுத்தது ஒன்றும் இல்லை.

“புடிக்கா யப்பா?” என்று கேட்டாள் செரபினா.

“புடிக்கும்மா. கழுத்துக்கிட்ட லேசாப் புடிக்கி.”

அவள் குனிந்து பார்க்க முயன்றாள், முடியவில்லை. அவர் சொன்னதை நம்பினாள், அல்லது நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். மாடியில் மாலை வெயில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகும் இன்னாசி நெடுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். கிளாட்வின்தான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினான்.

அப்போதுதான் ரெஜினாள் வாயைத் திறந்தாள். அறையில் இருத்திய முதல் வாரத்திலிருந்தே மகளின் குளியல் நீர் காப்பி நிறத்தில் ஓடியதாகவும், அழுக்குக் கழிகிறது என்று தான் மகிழ்ந்ததாகவும், யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று இரகசியமாகக் கடலில் ஊற்றி வந்ததாகவும் கூறினாள். கூறிவிட்டு, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையைக் கட்டிய கைகள் யாருடையவை என்பதை இன்னாசி அறிவார்.

அடக்கத்துக்கு மேட்டுநகரத்தாரும் வந்தனர். அருள்சீலி உண்மையாகவே அழுதாள். பெட்டியை மூடும் முன் மருமகளின் கன்னத்தைத் தடவி, நிறம் மாறாமலே போய்ச் சேர்ந்தாள், கொடுத்து வைத்தவள் என்றாள். நின்ற பெண்கள் ஆமோதித்தனர்.

சில நாட்கள் சென்றன. விக்டோரியா ஒரு பிற்பகலில் வந்து ரெஜினாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். செரபினாவைச் சிறு வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவளுடைய அழுகையில் பொய் இல்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தவள், தகட்டறையின் முன் நின்றுகொண்டிருந்த இன்னாசியிடம், இவ்வளவு நல்ல பிள்ளைக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்று கேட்டாள்.

இன்னாசி அவளுக்கு விளக்கினார். யாராவது ஒருவரேனும் இதனைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மகளின் சாவு முழுவதும் வீணாகாது என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் வரிசைப்படுத்திச் சொன்னார். ஓலைக் குடிலில் நிழல் உண்டு, சூடு இல்லை. அதனால் பாசி கறுக்கிறது. இவ்வறையில் காற்றுப் புகவில்லை, மேற்கு வெயில் தகட்டைச் சுட்டது. அதனால் பாசி நஞ்சாயிற்று. உடல் அதனை வெளியே தள்ளிற்று. அதனாலேயே வெளுத்தாள். வெளுத்தது அழகன்று, பட்டினி. பாசியை உடனே திருப்பிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள், நாட்கள் கடந்துவிட்டன.

விக்டோரியா ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டாள். இடையிடையே ஐயம் கேட்டுத் தெளிந்துகொண்டாள். தகடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றுகூடக் கேட்டாள். முடிவில் மெல்லத் தலையசைத்தாள்.

“இப்பம் புரியுது அண்ணே. நாளு கூடிப்போனதுதான் தப்பு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்க ஜெனட்டுக்கும் ஒரு எடம் வந்திருக்கு. முகங்காட்டலுக்குப் பத்து நாளு முன்னால மட்டும் உள்ள வச்சு, தாலி ஏறுன அன்னைக்கே எறக்கிட்டா ஒண்ணும் ஆவாதுல்லா? இந்தத் தகட்ட நீங்க பிரிக்கப் போறியன்னா, எங்களுக்கே குடுத்துருங்க.”

அன்று மாலையே இன்னாசி சம்மட்டி எடுத்து அறையை உடைத்தார். துண்டுகளைக் கடலில் எறிந்தார்.

அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தகடு எல்லாக் கடைகளிலும் கிடைத்தது. இன்னாசியின் விளக்கம், பிழையின்றி, ஒரு வரியும் முன்பின் மாறாமல், அந்தக் கோடைக்குள் மிதவூர் முழுவதும் பரவிற்று. மேற்கு மூலை, பால்நிறத் தகடு, காற்றுப் புகாத பசை. பயனற்ற ஓலைக் குடில்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அறியாமையில் தலைமுறைகளாகத் தவறாகச் செய்து வந்ததை, இப்போது காரண காரியம் அறிந்து சரியாகச் செய்கிறோம் என்று மக்கள் பெருமைப்பட்டனர். முதன்முதலில் வெளுத்துக் காட்டியவளை அவர்கள் மறக்கவும் இல்லை. அத்தகைய அறைக்கு அவளுடைய பெயரையே சூட்டினர்.

விடியலில் படகுத்துறைக்கு இறங்கும் இன்னாசி, இப்போதெல்லாம் மாடிகளின் கீழே சுவரை ஒட்டி நடக்கிறார். மேலே தாய்மார் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் குரல் கேட்கும்.

“ஏட்டி, செரபினாவ நல்லா அடச்சுட்டியா? காத்து போவுதான்னு பாரு.”

ஒவ்வொரு முறையும் அவருடைய கால்கள் நின்றுவிடுகின்றன. பிறகு நிழல்வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்.